நலநிலைய நாடுகையியல்: ஏழு திணையும் அவற்றின் உட்பிரிவும்

1. பாயிரம்

மாணாக்க, எந்த நோய்க்கு எந்த வாயிலில் நுழைவது என்பதை ஊரார் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதில்லை. ஒரே வீட்டில், ஒரே திங்களில், பேரனுக்குத் தடுப்பூசி தொடக்க நலவாழ்வு நிலையத்தில். அதே பேரனுக்குக் காய்ச்சல் என்றால் கடைத்தெருத் தனி மருத்துவரிடம். பாட்டியின் நீரிழிவுக்கு மீண்டும் நிலையம். அவள் முழங்கால் வலிக்கோ பக்கத்து ஊர் எண்ணெய்க்காரர். இதைக் கண்டோர் பலர். வகுத்தோர் இலர். அக்குறை நீங்கவே இந்நூல் எழுந்தது.

முதலில் கலைச்சொற்கள். ஊரார் பி.எச்.சி. என்றும் ‘கவர்மெண்டு ஆஸ்பத்திரி’ என்றும் வழங்கும் கட்டடத்தை யாம் நலநிலையம் என்போம். அங்குச் செல்லுதல் நாடுகை. செல்பவர் நாடுநர். அவரை வீட்டுத் திண்ணையிலிருந்து எழுப்பிச் செலுத்துவது உந்தல். செல்லாது விடுதல் நாடாமை. இவ்வைந்தையும் உள்ளத்தில் இருத்திக்கொண்ட பின்னரே அடுத்த பிரிவுக்குச் செல்க.

2. நிலையத் தோற்றம்

சோசப்பு போர் என்பார் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, சிற்றூர்தோறும் எட்டும் வண்ணம் இத்தகைய நிலையங்கள் வேண்டும் என்றது. 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஊர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே அவை எழலாயின. சென்னை அரசோ அதற்கு முன்னரே, 1939-இல், பொதுநலவாழ்வுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணைநிலையம் முறையே 5,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒன்று. இது நாடு முழுமைக்கும் உரிய கணக்கு. 30,001-ஆம் ஆள் எங்குச் செல்வார் என வினவும் மாணாக்கர் உளர். அவரும் அங்கேயே செல்வார். வரிசையின் கடைசியில் நிற்பார்.

3. முதலும் கருவும்

3.1 முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். நிலம் என்பது நாடுநர் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட வழி. அது நடைத்தொலைவு, நகரப் பேருந்துத் தொலைவு, ‘பேரன் வண்டியில் இறக்கிவிடும்’ தொலைவு என மூவகை. பொழுது என்பது கிழமை. செவ்வாய் சூலியர்க்கு உரியது. அறிவன், அஃதாவது ஊரார் கூறும் புதன், கைக்குழந்தையர்க்கு உரியது. சிறுபொழுது காலை. மாலை என்பது இத்துறையில் ஓர் ஐயப்பொழுது. அதனைக் கைக்கிளையில் காண்க.

3.2 கருப்பொருள் வருமாறு. மரம்: வேம்பு. உணவு: வாழையிலையில் கட்டிய இட்டிலி. கலம்: மஞ்சப்பை, அதனுள் குறிப்பேடு, அதனுள் பழைய சீட்டு. ஊர்தி: 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் நூற்றெட்டு. விலங்கு: நாய். இது நோய்முதல் நாய், நிழல்நாய் என இருவகைப்படும். முன்னது நாடுநரை அனுப்பி வைப்பது. பின்னது வேம்பின் கீழ் படுத்து அவரை வரவேற்பது. இரண்டும் ஒன்றாதலும் உண்டு.

3.3 கருப்பொருளுள் தலையாயது வரிசைப் பதிலி. சீட்டு தரும் பலகணி திறக்கும் முன், நாடுநர்க்கு மாற்றாகத் தரையில் நிற்கும் பொருள் வரிசைப் பதிலி எனப்படும். செருப்பு, செங்கல், தண்ணீர்ப் புட்டி, மடித்த துண்டு என அது நால்வகை. இவற்றுள் ஒற்றைச் செருப்பே வலிமை மிக்கது. உடையவர் தொலைவு சென்றிருக்க மாட்டார் என்பதற்கு அதுவே சான்று. புட்டி வலிமையற்றது, தாகமுற்ற எவரும் அதனை எடுப்பர்.

4. உரிப்பொருள்: ஏழு திணை

4.1 காப்பூசித்திணை. நோய் வரும் முன்னரே நாடுதல் காப்பூசித்திணை. மகிழுந்து வைத்திருப்போரும் நலநிலைய வாயிலில் காணப்படுவது இத்திணையிலேதான் மிகுதி. இதன் உட்பிரிவு மூன்று.

அ) அட்டைவழி நாடுகை. பிறந்து 6, 10, 14 கிழமை (ஏழு நாள் கொண்ட கிழமை என்க) நிறைந்ததும் அட்டையில் எழுதிய நாள் கண்டு வருதல். இந்நாடுநர் வினா எழுப்பார். அட்டையை நீட்டுவார், குழந்தையின் தொடையைக் காட்டுவார், தாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆ) குளிர்வழி நாடுகை. ஊசிமருந்து 2 முதல் 8 பாகைக்குள் குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பதை அறிந்து வருதல். நலநிலையத்தில் இதற்கெனத் தனிக் குளிர்பேழை உண்டு. அதன் பாகை நாளுக்கு இருமுறை ஏட்டில் ஏறும். அதனுள் தயிரும் பூவும் வைக்கப்படா. குப்பியின் முகப்பில் ஒரு வட்டமும் வட்டத்துள் ஒரு சதுரமும் உள. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நலம். வெப்பம் பட்டு இரண்டும் ஒரே கருமை அடைந்தால் குப்பை. செவிலியர் குப்பியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி நோக்கும் அந்த ஒரு நொடியே குளிர்வழி நாடுநர் வந்ததன் பயன்.

இ) வடுவழி நாடுகை. தன் இடத்தோளில் உள்ள பழைய வடுவைத் தடவிப் பார்த்து, ‘எனக்கும் இங்கதான் குத்துனாங்க’ எனக் கூறும் பாட்டி அழைத்து வருதல். இவளுக்குப் பாகையும் சதுரமும் வேண்டா. வடுவே போதும்.

ஊசிக்குப் பின் அரைமணி இருத்தல் முறை. இருப்போர் அமர்நர், இராதோர் நழுவுநர். அட்டையைச் செவிலியர் தம் கையிலேயே வைத்துக்கொள்ளும் நிலையங்களில் நழுவுநர் என்னும் வகையே இல்லை.

4.2 சூல்திணை. கருவுற்றோர் நாடுதல். 2019–21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மகப்பேறுகளுள் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. ஆகவே வீட்டுப்பேறு என்னும் வகை இந்நூலில் இடம்பெறாது. ஏனைய உட்பிரிவு ஐந்து.

அ) முழுநாடுகை. பதிவு முதல் பேறு வரை ஒரே நிலையம். இருபத்து நான்கு மணிநேரமும் செவிலியர் முறைவைத்து இருப்பதால் நள்ளிரவு வலிக்கும் கதவு திறந்திருக்கும் என்னும் உறுதி இதன் உந்தல்.

ஆ) எண்நாடுகை. அரசுப் பதிவில் ஏறிப் பன்னிரண்டிலக்கத் தாய்சேய் எண் பெறுவதற்கு மட்டும் நாடுதல். பேறு நகரின் உயர்விலைத் தனியார் மனையில் நடக்கும். ஆயினும் அவ்வெண் இன்றிப் பிறப்புச் சான்று பெறுவது அரிதாகலின், பட்டுப்புடவை உடுத்தோரும் ஊர்ச் செவிலியர் முன் ஒருமுறை அமர்ந்தே தீர்வர்.

இ) தொகைநாடுகை. முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேற்று உதவி 2006-இல் 6,000 உரூபா, 2011-இல் 12,000, 2018 முதல் 18,000. இப்பதினெட்டில் 14,000 பணம், 4,000 ஊட்டப்பெட்டகம். பன்னிரண்டு கிழமை நிறையும் முன் பதிவு வேண்டும் என்பது நெறி. இதனால், முன்னாளில் ஐந்தாம் திங்கள்வரை மறைத்து வைக்கப்பட்ட செய்தி இப்போது மூன்றாம் திங்களுக்குள் செவிலியர் ஏட்டுக்கு வந்துவிடுகிறது. பெட்டகத்து நெய் மாமியார்க்கும் பேரீச்சை மருமகளுக்கும் எனப் பங்கிடும் வீடுகளும் உள. அவை இந்நூலுக்குப் புறம்பு.

ஈ) வளையல்நாடுகை. நிலையத்திலேயே கூட்டமாக நடத்தப்படும் வளைகாப்புக்கு நாடுதல். கண்ணாடி வளையலோடு கலவைச் சோறும் உண்டு. முகத்தில் மஞ்சள் பூசும் அதே கை அடுத்த நொடியில் குருதியழுத்தப் பட்டையையும் சுற்றும்.

உ) பெயர்நாடுகை. ஏழாம் திங்களில் தாய்வீடு செல்லும் மகள் நிலையமும் மாறுதல். இங்கு எண் ஒன்று, நிலையம் இரண்டு. பண வரவு எவ்வூர்க் கணக்கில் என்னும் வழக்கு எழும். அதனை இரண்டு ஊர்ச் செவிலியரும் தொலைபேசியில் தீர்ப்பர்.

4.3 வில்லைத்திணை. ஊரார் ‘சுகர் மாத்திரை’, ‘பிரசர் மாத்திரை’ என வழங்குவனவற்றின் பொருட்டு நாடுதல். வில்லை என்பது மாத்திரை. இத்திணைக்கு வேர் 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் இருத்தி, நிலையந்தோறும் ஒரு கணக்கேடு கொடுத்து அதன்வழி வழங்குவது அதன் முறை. உட்பிரிவு மூன்று.

அ) திங்கள்வழி நாடுகை. வில்லை தீருமுன் வருதல். இரண்டு நாளுக்குரியவை எஞ்சியிருக்க வருவோர் முன்னாடுநர். தீர்ந்து நான்கு நாள் கழித்து, ‘தலை சுத்துது’ என்று வருவோர் பின்னாடுநர். அளந்து பார்த்தால் ஊரில் பின்னவரே மிகுதி.

ஆ) தொகைநாடுநர் வழி. ஒருவரே நால்வரின் குறிப்பேட்டைக் கொணர்தல். நடக்கவியலா மூவர்க்காகத் தெருவில் ஒருத்தி இப்பொறுப்பை ஏற்றிருப்பாள். செவிலியர் அழுத்தம் அளக்க வேண்டும் என்றால் அவள் தன் கையை நான்கு முறை நீட்டுவாள். இது முறையன்று. ஆயினும் நிகழ்வது.

இ) எச்சநாடுகை. 2021 ஆகத்து 5-இல் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வில்லையை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. வில்லை வீட்டுக்கு வந்த பின்னும் நாடுநர் நிலையத்துக்கு வருதலே எச்சநாடுகை. உந்தல் வில்லையன்று, திண்ணையில் அமர்ந்து தத்தம் அளவை ஒப்பிடுதல். ‘எனக்கு இருநூத்திப் பத்து’ என்பார்க்கு ‘எனக்கு முந்நூறு’ என்பார் மூத்தோர் ஆவார்.

இத்திணைக்குரிய மெய்ப்பாடு நிறக்கலக்கம். சென்ற திங்கள் வெள்ளையாயிருந்த வில்லை இத்திங்கள் இளஞ்சிவப்பாதல் அதன் தோற்றுவாய். மருந்து ஒன்றே, செய்தவர் வேறு எனச் செவிலியர் விளக்குவார். நாடுநர் தலையசைத்து, வாங்கிச் சென்று, பழைய வெள்ளை தீரும்வரை சிவப்பைத் தொடார்.

4.4 கடித்திணை. பல் பட்டமையால் நாடுதல். உட்பிரிவு இரண்டு.

அ) நாய்க்கடி நாடுகை. கடிவாயை வழலைக்கட்டியும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து மணித்துளி கழுவிய பின்னர் வருவோர் கழுவுநர். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி வருவோர் அப்புநர். அப்புநரை முதலில் கழுவி, அதன்பின் ஊசியிடுவர். தோலுக்குள் இடும் முறையில் நாட்கள் 0, 3, 7, 28. இங்குச் சுழியத்தை நாளாக எண்ணுதல் பலர்க்கும் இடர் தருவது; முதல் ஊசி இட்ட நாளே சுழியம் என்க. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு’ என்னும் பழைய அச்சம் இன்றும் சிலரைத் தடுக்கிறது; அவ்வூசி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. மூன்று ஊசியோடு நின்று, ‘நாய் உயிரோடதான் இருக்கு’ எனச் சான்று கூறுவோர் முக்கால்நாடுநர். அவர் இருபத்தெட்டாம் நாளை மறவாதிருத்தல் நன்று.

ஆ) பாம்புக்கடி நாடுகை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் எனக் கடிப்பன நான்கு. நஞ்சுமுறி மருந்து நான்குக்கும் ஒன்றே. அம்மருந்துக்குரிய நஞ்சைத் தருவோருள், 1978-இல் வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுக் கழகத்தார் தலையாயவர். கடித்தது எது எனத் தெரியாவிடத்து, சிறிது குருதியைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது மணித்துளி அசைக்காது வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். உறைந்திருந்தால் விரியன் நஞ்சு குருதியைக் கெடுக்கவில்லை. நீராய் ஓடினால் கெடுத்தது. அவ்விருபது மணித்துளியும் குழாயையே உற்று நோக்கும் உறவினர் காவற்சுற்றம் எனப்படுவர். அடித்த பாம்பைப் பையில் கொணர்வோர் சான்றுச்சுற்றம். அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் மரபு.

4.5 மறைத்திணை. ஊரார் அறியாவண்ணம் நாடுதல். சளி ஆய்வுக்கு வரும் என்புருக்கி நோயாளரும், கருத்தடை வளையம் பொருத்தவோ எடுக்கவோ வரும் பெண்டிரும் இதற்குரியர். தன்னூர் நிலையத்தை விடுத்து அடுத்த ஊர் நிலையத்தை நாடுதல் இதன் அடையாளம். தன்னூர்ச் செவிலியர் நன்கு பழகியவர்; பிற திணைகளில் உந்தலாய் நின்ற அப்பழக்கமே இத்திணையில் தடையாகிறது. என்புருக்கிக்கு ஆய்வும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். நடுவண் அரசின் ஊட்ட உதவி 2018-இல் திங்களுக்கு 500 உரூபாவாய் இருந்து, 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று. அடுத்த ஊர் நிலையத்தில் தன்னூரார் ஒருவரைக் காண நேர்ந்தால், ‘நீ எங்க இங்க?’ என இருவரும் ஒருங்கே வினவுவர். விடை இருபுறமும் வாராது. இதற்கு இருமறை என்று பெயர்.

4.6 கைக்கிளை. நாடுநர் பக்கம் மட்டும் விருப்பம் நின்று, நிலையத்தால் ஈடுசெய்ய இயலாதது. மாலையில் வந்து மருத்துவர் இல்லாமை காணல் பொழுதுக் கைக்கிளை. எலும்பு முறிந்து வந்து ஊடுகதிர்க் கருவி இல்லாமை காணல் கருவிக் கைக்கிளை. இவ்விரண்டிற்கும் முடிவு பரிந்துரைச் சீட்டு. அச்சீட்டைப் பெற்றவர் நூற்றெட்டிலோ மைத்துனன் வண்டியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போவார். இருமுறை கைக்கிளையுற்றவர் மூன்றாம் முறை நேரே அங்கேயே செல்வார். இவ்வாறு நாடுநர் கைநழுவிப் போதல் நிலையத்துக்கு இழப்பு. தலைமை மருத்துவமனைக்கு நெரிசல்.

4.7 பெருந்திணை. பொருந்தா நாடுகை. இதற்குரிய நோய் காய்ச்சல். நாடுநர் காய்ச்சலோடு வருவார். மூன்று நாளுக்கு வில்லை பெறுவார். ஊசி இல்லை எனக் கேட்டு முகம் வாடுவார். கடைத்தெருத் தனி மருத்துவரிடம் போய், பணம் கொடுத்து, ஊசி பெற்று மகிழ்வார். மாணாக்க, இங்கு நுண்ணிதின் உணர்க: நோய்க்கு மருந்து வேறு, வந்தமைக்கு மருந்து வேறு. வில்லை முன்னது. ஊசி பின்னது. நான்காம் நாளும் காய்ச்சல் நில்லாவிடின், தனியார் எழுதிய தாள்களை ஒரு நெகிழிப் பையிலிட்டுக்கொண்டு, கொசுக்காய்ச்சல் ஆய்வுக்கு அவரே நலநிலையம் திரும்புவார். இது மீள்பெருந்திணை.

5. உந்தலின் வகை

கட்டணமின்மையே உந்தல் என உரைப்பார் உளர். அவர் உரை பொருந்தாது. கட்டணமின்மை காப்பூசிக்கும் உண்டு, காய்ச்சலுக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாய் நிற்கும் ஒன்று, ஒன்றுக்கு வந்து மற்றொன்றுக்கு வாராமையை விளக்காது. அண்மையும் அவ்வாறே, காய்ச்சல் கண்டபோது நிலையம் தொலைவில் நகர்ந்து போவதில்லை. ஆகவே வேறுபடுத்தும் உந்தல் மூன்றே.

5.1 பொருளுறுதி. தேடி வந்த பொருள் அங்கு இருக்கும், கெடாமல் இருக்கும் என்னும் உறுதி. காப்பூசி, வில்லை, நஞ்சுமுறி மூன்றும் இதனால் நிற்பன. நஞ்சுமுறி ஒருநாள் இல்லாது போனால் அச்செய்தி பத்து ஊருக்குப் பரவும். அதன்பின் பத்தாண்டு இருந்தாலும் நம்புவாரில்லை.

5.2 தாளுறுதி. அட்டை, எண், சான்று, வங்கிக் கணக்கில் தொகை எனக் கையில் எஞ்சும் ஒன்று. சூல்திணை இதனால் வலுப்பெற்றது.

5.3 முன்னறிவு. வீட்டை விட்டுப் புறப்படும்போதே, அங்கு யாது தரப்படும் என நாடுநர் அறிந்திருத்தல். மூன்றனுள் இதுவே தலையாயது. காப்பூசிக்குச் செல்பவர் ஊசி கிடைக்கும் என அறிவார். நீரிழிவுக்குச் செல்பவர் வில்லை கிடைக்கும் என அறிவார். காய்ச்சலுக்குச் செல்பவரோ தமக்கு என்ன நோய் என்பதையே அறியார். அவர் வேண்டுவது மருந்தன்று, விடை. விடை சொல்ல அமர்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும். நூறு பேர் நிற்கும் வரிசையில் அது கிடைப்பதில்லை. கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்கிறது. இவ்வாறு, விடை தெரிந்த வினாவுக்கு நலநிலையமும் விடை தெரியா வினாவுக்குத் தனியாரும் என ஊரார் பிரித்துக்கொண்டனர். இவ்வகைப்பாட்டை அவர்க்கு எவரும் கற்பிக்கவில்லை.

6. புறனடை

இங்கு வகுக்கப்படாத நாடுகைகளும் உள. அகவைச் சான்றுக்கு நாடுதல், காப்பீட்டு அட்டை கேட்டு நாடுதல், வெயிலுக்கு வேம்பின் கீழ் ஒதுங்குதல் முதலியன அவை. அவற்றை மாணாக்கர் தாமே கண்டு, எண்ணிட்டு, உரிய திணையின் கீழ்ச் சேர்க்க. அதற்கு ஓர் அறிவன்கிழமை காலையில் நலநிலையம் செல்லுதல் வேண்டும். சீட்டு வாங்கிய பின் நோக்குக. வாங்காது நிற்பவரைச் செவிலியர் மேலதிகாரி என ஐயுறுவர். வீட்டில் கைக்குழந்தை இருப்பின் அட்டையோடு உடன்கொண்டு செல்க; ஆய்வும் முடியும், ஊசியும் முடியும்.

இறுதியாக ஒன்று. ஏழனுள் ஐந்து திணை நிலைபெற்றவை. அவற்றைக் காக்க மருந்து தீராமையும் குளிர் குன்றாமையும் போதும். ஆறாம் திணையைத் தீர்க்கக் கருவியும் ஆளும் வேண்டும். அது அரசின் பணி. ஏழாம் திணைக்கோ செலவே இல்லை. காய்ச்சலோடு வந்தவரை மருத்துவர் அமரச் செய்து, இது இன்ன காய்ச்சல், இத்தனை நாளில் தணியும், இன்ன குறி கண்டால் மீண்டும் வருக எனக் கூடுதலாக மூன்று மணித்துளி பேசுவாராயின், அடுத்த பதிப்பில் பெருந்திணை நீக்கப்படும்.